ஒரே ஊர், இரண்டு பள்ளிக்கூடம்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரப் பள்ளிகளில் யார் யாரோடு உட்கார்ந்து படிக்கிறார்கள்? சட்டங்களும் தீர்ப்புகளும் அதை எந்த அளவுக்கு மாற்றியிருக்கின்றன?

ஜூன் மாதத்தில் ஒரு நாள், அன்னூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் ஏதாவது ஒரு கிராமத்துப் பேருந்து நிறுத்தத்தில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். முதலில் ஒரு மஞ்சள் வேன் வரும். பத்து நிமிடத்துக்குள் இன்னும் மூன்று. நான்கின் நெற்றியிலும் வெவ்வேறு மெட்ரிகுலேஷன், சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் பெயர். டை கட்டி, ஷூ மாட்டிய பிள்ளைகளை ஏற்றிவிட்டு, சாப்பாட்டுக் கூடையை ஜன்னல் வழியாக நீட்டுகிற அம்மாக்கள். எட்டரைக்குள் வேன்கள் எல்லாம் போய்விடும். காலனிப் பக்கமிருந்து இரண்டு பேர், மூன்று பேராக நடந்து வருகிற பிள்ளைகளின் தோளில் அரசு கொடுத்த பை. அவர்கள் போவது ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு. அங்கே காலை உணவு தயாராக இருக்கும்.

வேனில் போன பிள்ளையின் அப்பாவும் நடந்து போகிற பிள்ளையின் அப்பாவும் முப்பது வருடத்துக்கு முன்னால் இதே ஒன்றியப் பள்ளியில் ஒன்றாகப் படித்திருப்பார்கள். அன்றைக்கும் சாதி இருந்தது. தண்ணீர் குடிக்கிற இடத்தில் இருந்தது, உட்கார வைக்கிற வரிசையில் இருந்தது. ஆனாலும் வாத்தியார் ஒருவர், கரும்பலகை ஒன்று. தோட்டக்காரர் மகன் பெயரும் அவர் பண்ணையத்தில் வேலை செய்தவர் மகன் பெயரும் ஒரே வருகைப் பதிவேட்டில் இருந்தன. இப்போது பதிவேடே வேறு வேறு. இரண்டு பிள்ளைகளும் பேசிக்கொள்ளாமலே பத்தாம் வகுப்பு முடித்துவிடலாம்.

இந்தப் பிரிவினையை எந்தச் சட்டமும் கொண்டுவரவில்லை. சொல்லப்போனால், கடந்த நூறு வருடச் சட்டமெல்லாம் இதற்கு நேர் எதிர்த்திசையில்தான் எழுதப்பட்டன.

சேர்த்து உட்கார வைத்த காலம்

பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி கொண்டுவந்த வகுப்புவாரி ஆணை, அரசு வேலையிலும் பிறகு கல்லூரி இடங்களிலும் எல்லாச் சமூகத்துக்கும் பங்கு என்ற எண்ணத்தை இங்கே வேரூன்ற வைத்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழகத்தில் கிளம்பிய போராட்டம் டெல்லி வரை எட்டியது. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கியோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய 15(4) என்ற பிரிவு சேர்ந்தது. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், சாதியைக் காரணம் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1953-இல், ராஜாஜி அரசு அரைநாள் பள்ளி, மீதி நாள் வீட்டுத் தொழில் என்றொரு திட்டத்தைக் கொண்டுவந்தது. 'குலக்கல்வி' என்று நாடே எதிர்த்தது. காமராஜர் முதல்வரானதும், 1954-இல் அதைக் கைவிட்டவர் அப்போதைய கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம், நம் பொள்ளாச்சிப் பக்கத்து செங்குட்டைப்பாளையத்துக்காரர். 1956-இல் மதிய உணவு. 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே கூரைக்குள் வந்தது இந்த முப்பது ஆண்டுகளில்தான். அது பாதுகாத்து வைத்திருக்க வேண்டிய சொத்து.

25 சதவீதம்: கோவையிலிருந்து போன வழக்கு

2010 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஒரு புதிய வழியைத் திறந்தது. தனியார் பள்ளிகள் எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடத்தை அக்கம்பக்கத்து நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தர வேண்டும். கட்டணத்தை அரசு திருப்பிக் கொடுக்கும். தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் சட்டம் செல்லும் என்றார்கள். 2014-இல் பிரமதி வழக்கில் அரசியல் சாசன அமர்வு, சிறுபான்மைப் பள்ளிகளுக்குச் சட்டம் பொருந்தாது என்றது. அந்த விலக்கு சரிதானா என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வே சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பியிருக்கிறது.

தமிழகத்தில் இந்த ஒதுக்கீட்டின் கீழ் ஏறத்தாழ எட்டாயிரம் பள்ளிகள் வருகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் இ-சேவை மையங்களில் இதற்கென்றே கூட்டம் நிற்கும். பிறப்புச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, முகவரிச் சான்று என்று கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். வீட்டிலிருந்து பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் வருகிறதா என்று செல்போனில் அளந்து பார்க்கிற அப்பாக்கள். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்.

2025-இல் அந்தக் கூட்டமே இல்லை. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்திலும் தேசியக் கல்விக் கொள்கையிலும் தமிழகம் கையெழுத்திட மறுத்ததால், 'சமக்ர சிக்ஷா' நிதியில் 2,151 கோடி ரூபாய்க்கு மேல் ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. பணம் வராததால் மாநில அரசு சேர்க்கையையே தொடங்கவில்லை. கோவையைச் சேர்ந்த மறுமலர்ச்சி மக்கள் இயக்கத்தின் ஈசுவரன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஜூன் மாதம் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு இரண்டு தரப்புக்கும் பதில் சொன்னது. கல்வி உரிமைக்கான பணத்தைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப்போடத் தேவையில்லை. பணம் வரவில்லை என்று மாநில அரசும் தன் கடமையிலிருந்து நழுவ முடியாது.

தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் நிதி வந்து சேர்க்கை தொடங்கியபோது அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் காலாண்டுத் தேர்வே முடிந்திருந்தது. அதனால், அந்தந்தப் பள்ளிகளில் ஏற்கெனவே சேர்ந்திருந்த தகுதியுள்ள பிள்ளைகளை ஒதுக்கீட்டில் கணக்கெடுத்து, கட்டிய கட்டணத்தைத் திருப்பித்தரச் சொன்னது அரசு. கொஞ்சம் யோசித்தால் இதன் கொடுமை புரியும். ஜூனிலேயே பணம் கட்ட முடிந்தவர்களுக்குத்தான் இலவச இடம் கிடைத்தது. பணம் கட்ட வழியில்லாமல் காத்திருந்த குடும்பத்துக்கு, யாருக்காகச் சட்டம் எழுதப்பட்டதோ அந்தக் குடும்பத்துக்கு, அந்த ஆண்டு போனது போனதுதான்.

[பெட்டி] சட்டத்தில் இருப்பது என்ன?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009:
பிரிவு 4 – பள்ளிக்கே போகாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி தர வேண்டும்.
பிரிவு 5 – ஒரு பள்ளியிலிருந்து வேறு பள்ளிக்கு மாறும் உரிமை. மாற்றுச் சான்று தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது.
பிரிவு 12 – தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம். எட்டாம் வகுப்பு வரை.
பிரிவு 14 – வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது.
பிரிவு 21 – பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதாசாரப்படி இடம்.

ஒன்பதாம் வகுப்பில் என்ன நடக்கிறது?

25 சதவீதத்தில் சேர்ந்த பிள்ளைக்குக் கற்பிப்புக் கட்டணம் மட்டும்தான் மிச்சம். வேன் கட்டணம், புத்தகம், சீருடை, ஷூ என்று பெற்றோர் கையிலிருந்து போகிற பணம் தனி. பனியன் கம்பெனியில் வாரக் கூலி வாங்குகிற அம்மா அதையும் எப்படியோ சமாளித்துவிடுகிறார். எட்டாம் வகுப்பு முடிந்ததும் சட்டம் கையை விட்டுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து முழுக் கட்டணம். கட்ட முடிந்தால் கட்டலாம், இல்லையென்றால் பத்து வருடம் பழகிய சிநேகிதர்களை விட்டு அரசுப் பள்ளிக்கு வர வேண்டும். அதுவும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இரண்டே வருடம் இருக்கும்போது.

இது சட்டத்தை எழுதுகிறவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களோடு, எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் அந்த ஒதுக்கீடு உண்டு. அவர்கள் திரும்பி வந்துதான் ஆக வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது. நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைத்து, 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் செல்லும் என்று சொன்ன இந்த 7.5 சதவீதம், அரசுப் பள்ளியில் படிப்பதற்கு ஒரு மதிப்பை உண்டாக்கியது. மகளை ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்று கணக்குப் போடுகிற குடும்பங்களில் இது பேசப்படுகிறது. ஒரு தலைமுறைக்கும் மேலாக அரசுப் பள்ளியை விட்டு ஓடிய நடுத்தர வர்க்கத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த ஒரே சட்டம் இதுதான் என்பேன்.

வெளியேறும் வழிக்குத் தடை இல்லை

25 சதவீத ஒதுக்கீட்டுக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்ந்திருக்க வேண்டிய பிள்ளையை, அரசே பணம் கொடுத்துப் பக்கத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறது. முதலில் போவது விவரம் தெரிந்த, விண்ணப்பம் போடத் தெரிந்த, ஊர்க்கூட்டத்தில் பேசத் தெரிந்த பெற்றோரின் பிள்ளை. கூரை ஒழுகினால் பி.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் நிற்கிற பெற்றோரும் அவர்தான். அவர் போன பிறகு அந்தப் பள்ளிக்காக வாய் திறக்க ஆள் குறைகிறது. மாணவர் எண்ணிக்கை அறுபதுக்குள் சுருங்கினால் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். அதைப் பார்த்து இன்னும் நான்கு குடும்பம் விலகுகிறது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகள் 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வாங்கிய பிறகும் அங்கே இடம் தேடி அலைந்த மண்டலம் நம்முடையது. இடம்பெயர்வதில் நமக்குத் தயக்கமே இல்லை.

1964 முதல் 66 வரை இயங்கிய கோத்தாரி ஆணையம் பொதுப்பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாரும், கலெக்டர் மகனானாலும் காவலாளி மகனானாலும், அந்த வட்டாரத்துப் பள்ளியிலேயே படிப்பது. 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசு ஊழியர்களின் பிள்ளைகள் அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று உத்தரவிட்டுப் பார்த்தது. நடைமுறைக்கு வரவில்லை. அமெரிக்காவில் 1954-இல் கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வெள்ளையர் குடும்பங்கள் நகரத்தை விட்டுப் புறநகருக்குப் போயின. அங்குள்ள பள்ளிகளையும் சேர்த்துக் கலக்க முடியாது என்று டெட்ராய்ட் வழக்கில் 1974-இல் அதே நீதிமன்றம் கைவிரித்தது. அங்கே வீடு மாறினார்கள். இங்கே வேன் ஏறினால் போதும்.

தமிழகம் ஒரு பெரிய காரியம் செய்தது. மெட்ரிகுலேஷன், ஸ்டேட் போர்டு, ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நாலு வகையாக இருந்த பாடத்திட்டத்தை 2010-ஆம் ஆண்டு சமச்சீர் கல்விச் சட்டம் ஒன்றாக்கியது. ஆட்சி மாறியதும் நிறுத்தப் பார்த்தார்கள். 2011 ஆகஸ்டு 9 அன்று உச்ச நீதிமன்றம், பத்து நாளுக்குள் நடைமுறைப்படுத்து என்றது. புத்தகம் ஒன்றானது. அடுத்த சில வருடங்களில், கட்டணம் கட்ட முடிந்த கொங்கு மண்டலத்துத் தனியார் பள்ளிகள் பல சி.பி.எஸ்.இ. பலகை மாட்டின.

சமையலறையில் தெரியும் சாதி

2004 ஏப்ரலில் உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வரி எழுதியது. மதிய உணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு முன்னுரிமை. பள்ளிக்கூடத்துப் பன்முகத்தன்மைக்காக இந்த நாட்டில் எழுதப்பட்ட உத்தரவுகளில் மிகத் துணிச்சலானது இது. வகுப்பறையில் பக்கத்தில் உட்காருவதைச் சகித்துக்கொள்கிறவரும் கைச்சோற்றில் நின்றுவிடுவார் என்று நீதிபதிகளுக்குத் தெரிந்திருந்தது.

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் சேவூர் அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அருந்ததியர் சமூகத்துச் சமையலர் ஒருவர் மாற்றலாகி வந்தார். அதே ஊர்க்காரர். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்கச் சாதியினர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் அவரையே இடமாற்றம் செய்தார்கள். இயக்கங்கள் தெருவுக்கு வந்தபின் மாற்றல் ரத்தாகி, அவர் அதே அடுப்படிக்குத் திரும்பினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு. ஏழு வருடம் நடந்த வழக்கில் 2025 நவம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டாண்டு சிறை விதித்தது. அந்தப் பெண் ஏழு வருடமும் சாட்சியத்தில் உறுதியாக நின்றார். சட்டம் புத்தகத்திலிருந்து இறங்கி ஊருக்குள் வர இப்படி ஒருவர் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

2023-இல் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்ததும் அதே கதை கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில். பட்டியல் சமூகப் பெண் சமைக்கிறார் என்று பெற்றோர் சிலர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. அப்போதைய ஆட்சியர் பிரபுசங்கர் நேரில் பள்ளிக்கே போனார். வழக்குப் பாயும் என்று சொல்லிவிட்டு வந்தார். அதிகாரி ஒருவர் உடனடியாகப் போய் நிற்பதற்கும், சமையலரை மாற்றிவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த இரண்டு ஊர்களும் காட்டுகின்றன.

2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஒன்றியப் பள்ளியில், பட்டியல் சமூகப் பிள்ளைகளைக் கழிப்பறை சுத்தம் செய்ய வைத்ததாகத் தலைமையாசிரியர் கைதானார். ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்து அம்மா விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. காய்ச்சல் வராமல் இருந்திருந்தால்?

[பெட்டி] சில தேதிகள்

2009 – தமிழகத்தில் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம்.
2024 ஆகஸ்டு 1 – உள் ஒதுக்கீடு செல்லும் என உச்ச நீதிமன்ற ஏழு நீதிபதிகள் அமர்வு, 6–1 என்ற கணக்கில்.
2024 ஜூன் – பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க நீதிபதி சந்துரு குழு அறிக்கை. பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், கையில் கயிறு வேண்டாம் என்பவை பரிந்துரைகளில் சில.
2025 ஏப்ரல் – கல்வி நிறுவனப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க உயர் நீதிமன்ற நீதிபதி டி. பரத சக்கரவர்த்தி உத்தரவு.

கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர் யார்?

அருந்ததியர் அதிகம் வாழ்வது கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல் மாவட்டங்களில்தான். அவர்களுக்கு நீதிபதி ஜனார்த்தனம் குழு பரிந்துரைத்த 3 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரி இடத்தோடு ஆசிரியர் வேலைக்கும் சேர்த்துத்தான். காலனியிலிருந்து படித்து வந்த ஓர் ஆசிரியை நிற்கிற வகுப்பறையில், கழிப்பறை கழுவ யாரை அனுப்புவது என்ற பேச்சே எழாது. பதினைந்து வருடம் வழக்கின் நிழலிலேயே ஓடிய அந்தச் சட்டம் இப்போதுதான் பயமில்லாமல் மூச்சு விடுகிறது. மாணவரைக் கலப்பது பற்றிப் பேசுகிற நாம் ஆசிரியர் அறையைப் பற்றிப் பேசுவதே இல்லை. கொங்கு மண்டலத்தில் அங்கேதான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

மலைக்குப் போனால் பிரச்சினை வேறு. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் மலையாளி இன மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். சேலத்திலும் தருமபுரியிலும் உள்ள அவர்களின் சொந்தக்காரர்கள் பழங்குடியினர். இவர்கள் இல்லை. காரணம், பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயர் சில பழைய மாவட்டங்களின் பெயரோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. ஈரோடு 1979 வரை கோவை மாவட்டத்தில் இருந்தது, அந்த வரியில் கோவை இல்லை. மலையின் இந்தச் சரிவில் பிறந்த பிள்ளைக்குப் பழங்குடியினர் சான்று கிடையாது. அந்தச் சான்றோடு வருகிற கல்வி உதவித்தொகையும் மேற்படிப்பு இடமும் கிடையாது. நரிக்குறவர்கள் பல பத்தாண்டு கேட்டு, 2023 ஜனவரியில்தான் பட்டியலில் சேர்ந்தார்கள். நாடாளுமன்றத்தில் ஒரு வரி திருத்தினால் தீர்கிற விஷயத்துக்கு பர்கூர் இன்னும் காத்திருக்கிறது.

திருப்பூரின் புதிய வகுப்பறை

மனசுக்குத் தெம்பு தருகிற இடமும் உண்டு. ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து பின்னலாடைக்கும் நூற்பாலைக்கும் வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கத் தொடங்கியபின், திருப்பூர், கோவை அரசுப் பள்ளிகளின் முகமே மாறிவருகிறது. வயதுச் சான்று கேட்காதே, மாற்றுச் சான்றுக்காக நிறுத்தாதே, பருவத்தின் நடுவில் வந்தாலும் சேர் என்று சட்டம் சொல்லும் மூன்றும் இந்தப் பிள்ளைகளுக்காகவே எழுதியவை போல. சேர்க்கை மேசையில் ஆசிரியைக்கும் அம்மாவுக்கும் நடுவே எட்டு வயதுப் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். ஆறு மாதத்தில் அதன் தமிழில் "ஏனுங்க மிஸ்" ஒட்டிக்கொள்ளும். ஈரோட்டுத் தாளவாடியில் கன்னட வழிப் பள்ளிகள் இருக்கின்றன, கேரள எல்லையோரம் மலையாளம் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பல மொழி கேட்கிற அரசு வகுப்பறை கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. ஒடியா பேசுகிற பிள்ளையை ஏற்றுக்கொண்ட அதே ஊர், நூறு அடி தள்ளியிருக்கிற காலனிப் பிள்ளையோடு தன் பிள்ளையை உட்கார வைக்காமல் வேன் பிடித்து ஓடுவதைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இனி செய்ய வேண்டியது

25 சதவீத ஒதுக்கீட்டை எட்டாம் வகுப்பில் வெட்டாமல் பன்னிரண்டு வரை நீட்ட வேண்டும். கட்டணத்தைத் திருப்பித்தருகிற பணத்துக்கு இணையாக, பிள்ளைகள் விலகிப்போன ஒன்றியப் பள்ளிக்கும் நிதி தர வேண்டும், வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்பதில் தொடங்கி. ஒன்றிய, மாநில அரசுகளின் நிதிச் சண்டை எதுவாக இருந்தாலும் மே மாதச் சேர்க்கை நிற்கக் கூடாது.

இவை அரசுகள் செய்ய வேண்டியவை. ஊர் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. பிரிவு 21-இன்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழு எல்லா அரசுப் பள்ளியிலும் உண்டு. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். காலனிப் பெற்றோர் எத்தனை பேர் உறுப்பினர், அவர்கள் உட்கார நாற்காலி போடப்பட்டிருக்கிறதா, கையெழுத்து வாங்குவதோடு சரியா அல்லது பேச விடுகிறார்களா என்று பாருங்கள். கழிப்பறையை யார் கழுவுகிறார்கள், அதற்குச் சம்பளத்துக்கு ஆள் உண்டா என்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய தீர்மானத்துக்குத் தலைமையாசிரியர் பதில் சொல்லியாக வேண்டும்.